ஒரு பிள்ளையைச் சுற்றி எத்தனை அலுவலகம்: கிராமத்துக் குழந்தைகளின் மனநலத்துக்காக எல்லோரையும் சேர்த்து வேலை செய்வது எப்படி?

நான் சமூகப் பணியாளர். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில், பட்டாசு ஆலை விபத்துகளில் அம்மாவையோ அப்பாவையோ பறிகொடுத்த பிள்ளைகளோடு வேலை பார்க்கிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அளவுக்கு நடந்தால் நாடே திரும்பிப் பார்க்கும். இரண்டு பேர், மூன்று பேர் இறக்கிற விபத்துகள் அதற்கு முன்னும் நடந்தன, பின்னும் நடக்கின்றன. செய்தி மறுநாளே பழசாகிவிடும். பிள்ளைகள் அந்த வீட்டில்தான் வளர வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவ அரசில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. நிவாரணத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலர் (கி.நி.அ.) வருகிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வருகிறார்கள். வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரியும். கிராம சுகாதார செவிலியர் அந்தத் தெருவுக்கு வந்து போகிறவர். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழு பிள்ளையின் எடையும் பல்லும் கண்ணும் பார்த்து எழுதி வைத்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஆனால் டீச்சருக்குத் தெரிந்தது நர்சுக்குத் தெரியாது, நர்சுக்குத் தெரிந்தது மனநல மருத்துவருக்குப் போய்ச் சேராது. வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா எப்படி இறந்தாள் என்பதை அந்தப் பிள்ளை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு தடவை சொன்னதே அதற்குப் பாரம். ஒன்பது தடவை ஏன் சொல்ல வேண்டும்?

இந்த நிலையை மாற்றத் தனியாகப் பணம் வேண்டியதில்லை. இருக்கிறவர்களைச் சேர்க்க வேண்டும். ஆசிரியராக, தன்னார்வலராக, ஊராட்சி உறுப்பினராக, தொண்டு நிறுவன ஊழியராக இருக்கிற யாரும் இதைத் தொடங்கலாம். நான் வேலை செய்கிற முறையை எழுதுகிறேன். உங்கள் ஊரில் பட்டாசுக்குப் பதில் குடியோ, கடனோ, புலம்பெயர்வோ இருக்கலாம். முறை பெரிதாக மாறாது.

குழுவில் தொடங்காதீர்கள், ஒரு பிள்ளையில் தொடங்குங்கள்

'வட்டார ஒருங்கிணைப்புக் குழு' என்று பெயர் வைத்து, எல்லாத் துறைக்கும் கடிதம் போட்டு, பேனர் கட்டித் தொடக்க விழா நடத்துவதுதான் வழக்கம். இரண்டாவது கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். போய் என்ன செய்வது என்று தெரியாத கூட்டத்துக்கு வேலை உள்ளவர்கள் ஏன் வருவார்கள்? அதனால் பிரச்சினை உள்ள ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய வெள்ளைத்தாள். நடுவில் பிள்ளைக்கு ஒரு எண், பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளையை ஒரு வாரத்தில் யாரெல்லாம் பார்க்கிறார்களோ, அவர்களைச் சுற்றிலும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்குக் கீழேயும் இரண்டு வரி: இவருக்கு என்ன தெரியும், இவரால் என்ன முடியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏழு வயது. அம்மா விபத்தில் இறந்து நாலைந்து மாதம். அம்மாச்சி வீட்டில் தங்கச்சியோடு இருக்கிறான். பள்ளிக்குத் தாமதமாக வருகிறான், வகுப்பில் தூங்குகிறான் என்பது டீச்சரின் புகார். 'காலையில எந்திரிச்சு விளையாடப் போயிடுறான் தாயி' என்றார் அம்மாச்சி. உண்மை தெரிந்திருந்தது டீக்கடைக்காரருக்கு. ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கும். பையன் முகம் கழுவித் தலை சீவி அங்கே வந்து நின்று, வேனில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துக்கொண்டிருப்பான். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்பான். சத்துணவு அமைப்பாளர் இன்னொன்று கவனித்திருந்தார். பையன் முட்டையைச் சாப்பிடுவதில்லை, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான், தங்கச்சிக்கு. ராத்திரி படுக்கையை நனைக்கிறான் என்று அம்மாச்சி செவிலியரிடம் மட்டும் சொல்லியிருந்தார், அதுவும் பூச்சி மாத்திரை கேட்கும்போது.

இந்த நான்கு துண்டும் ஒரே தாளில் வந்த பிறகுதான் அது சோம்பேறித்தனமோ சேட்டையோ இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. அந்தத் தாளில் டீக்கடையும் சத்துணவுக்கூடமும் இருந்ததால்தான் அது விளங்கியது. அலுவலகங்களை மட்டும் எழுதியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

ஒரே பதில்

பையன் ஏன் வேனுக்குக் காத்திருந்தான்? 'அம்மா சாமிகிட்ட போயிருக்கு' என்றார் அம்மாச்சி. 'ஊருக்குப் போயிருக்கா, வருவா' என்றார் மாமா. டீச்சர் பாவப்பட்டு எதுவும் சொல்லவில்லை. போட்டோ எடுக்க வந்தவர்கள் 'தீயில் கருகிட்டாங்க' என்று அவன் காதுபடப் பேசினார்கள். ஐந்தாறு வயது வரை, சாவு என்றால் திரும்பி வராதது என்பதே பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அதற்கு மேல் ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் அவன் தானே ஒரு கதை கட்டிக்கொள்வான். 'நான் சொன்ன பேச்சுக் கேக்கல, அதனாலதான் அம்மா வரல' என்பது அந்த வயதுப் பிள்ளைகள் அதிகமாகக் கட்டிக்கொள்ளும் கதை.

ஆகவே முதல் சந்திப்பிலேயே எல்லோருமாக ஒரு பதிலை முடிவு செய்யுங்கள். நாங்கள் முடிவு செய்தது இது: 'அம்மா செத்துப்போயிட்டாங்க. உடம்பு நின்னுபோச்சு, இனி வர முடியாது. நீ எதுவும் செஞ்சதால இல்ல. உன்னையும் தங்கச்சியையும் அம்மாச்சி பாத்துக்கும்.' இதை முதலில் சொல்ல வேண்டியவர் அம்மாச்சி. சொல்லும்போது செவிலியர் பக்கத்தில் இருந்தார். அப்புறம் டீச்சர், டீக்கடைக்காரர், மாமா என்று யாரிடம் கேட்டாலும் இதே பதில். எனக்குத் தெரிந்து பல துறைகள் ஒன்றுசேர்வதால் கிடைக்கும் மிகப் பெரிய மருந்து இதுதான். மாத்திரை எழுதும் மருத்துவராலும் தனியாக இதைக் கொடுக்க முடியாது.

மற்ற ஏற்பாடுகள் சின்னச் சின்னவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் குழு அக்கா ஒருவர் வேன் நிற்கும் வழியாகத்தான் பள்ளிக்குப் போவார். தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, பையனைக் கையோடு அழைத்துப்போய் வராந்தாவில் உட்கார வைத்தார். முட்டையை அங்கேயே சாப்பிட வேண்டும் என்று யாரும் அவனை மிரட்டவில்லை. தங்கச்சியை அங்கன்வாடியில் சேர்த்ததும் அவளுக்கு அங்கேயே முட்டை கிடைத்தது. படுக்கை நனைப்பதற்காக அடிக்கக் கூடாது என்பதைச் செவிலியர் அம்மாச்சிக்குச் சொல்லிக்கொடுத்தார். இதில் எதற்கும் புதிய திட்டம் தேவைப்படவில்லை.

யாரிடம் எதற்குப் போவது

ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அது தெரியாமல் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

பள்ளிதான் முதல் கண். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையதள வருகைப் பதிவில் ஒரு பிள்ளை விட்டு விட்டு வராமல் இருப்பது தெரிந்துவிடும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. அந்த வயதில் 400 பேர் படிக்கிற பள்ளி என்றால் ஏறக்குறைய 29 பேர். அத்தனை பேரையும் மருத்துவரிடம் அனுப்ப ஆசிரியரால் முடியாது, அது அவர் வேலையும் இல்லை. முன்பு எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்று அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கற்றலில் சிரமம் இருக்கிறதா என்று பார்க்க வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். படிப்பு வராததால் வந்த பயத்தையும் பயத்தால் வராமல் போன படிப்பையும் பிரித்துப் பார்க்க அவர்கள் உதவி அவசியம்.

கிராம சுகாதார செவிலியரை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள். வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே அரசு ஊழியர் அவர்தான். அப்பா குடித்துவிட்டு அடிப்பதை, அம்மா சாப்பிடாமல் கிடப்பதைப் பெண்கள் அவரிடம் சொல்வார்கள். நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வருடத்துக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வர வேண்டும். வளர்ச்சித் தாமதம், பேச்சு, காது சம்பந்தப்பட்ட சந்தேகம் இருந்தால் வரும் தேதியை முன்கூட்டியே கேட்டு, பிள்ளையை அன்று பள்ளியில் இருக்க வையுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையை அடங்காத பிள்ளை என்று பெயர் வைத்திருப்பதை நான் நிறையப் பார்க்கிறேன்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் இருப்பார்கள். எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரி என்பதை நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மாதமும் சரிபாருங்கள். எங்கள் மாவட்டத்தில் 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க நாளாகும் என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். பிள்ளையை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் ஆசிரியரும் அதில் பேசலாம். அது பலருக்குத் தெரியவில்லை.

பராமரிப்பு, பணம், பாதுகாப்பு என்று வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறம் என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025ல் வந்தது, மாதம் 2,000 ரூபாய். பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தார். மனநலம் பற்றிய கட்டுரையில் பணத்தைப் பற்றி ஏன் என்று கேட்காதீர்கள். பிள்ளையை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று சித்தப்பாவும் மாமாவும் அதன் எதிரிலேயே சண்டை போடும்போது, எந்த ஆலோசனையும் அதன் மனதுக்குள் இறங்காது. பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தால் அந்தச் சண்டையில் பாதி அடங்கும்.

பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்றால் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உள்ள அமைப்பு, நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிட்டால் அங்கே கொண்டுசேர்ப்பார்கள்.

ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். பல ஊர்களில் அது பதிவேட்டில் மட்டும் இருக்கும். கிராம சபையில், ஜனவரி 26 அல்லது மே 1 அன்று, அந்தக் குழு கடைசியாகக் கூடியது எப்போது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருகிறதோ இல்லையோ, அடுத்த மாதம் கூட்டம் நடக்கும்.

பிள்ளைக்கு ஒரு ஆள்

இத்தனை பேரைச் சேர்த்த பிறகு 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். நாங்கள் அவரைப் பொறுப்பாள் என்போம். பிள்ளையின் கதை முழுதும் அவருக்குத் தெரியும். மற்ற எவரும் பிள்ளையிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். புதிதாக ஒரு அதிகாரி வந்தால் அவரே கூட இருந்து, 'சார், இதெல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கு, மிச்சத்தை மட்டும் கேளுங்க' என்பார்.

யாரைப் பொறுப்பாளாக வைப்பது? பதவியில் பெரியவரை வைக்காதீர்கள். பிள்ளை யாரிடம் தானாகப் போய் நிற்கிறதோ அவரை வையுங்கள். அங்கன்வாடிப் பணியாளராக, இல்லம் தேடிக் கல்வி நடத்திய அக்காவாக, விளையாட்டு ஆசிரியராக இருக்கலாம். பெண் பிள்ளைக்குப் பெண் பொறுப்பாள் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவருக்கும் யாரிடமாவது பேச வழி வேண்டும். மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் மாதம் ஒரு முறை பொறுப்பாட்களோடு உட்கார்ந்து பேசுவதாக முதலிலேயே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை எந்தக் கிழமை வைப்பது

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பாதி ஒருங்கிணைப்பு இதில்தான் கவிழ்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் யாரும் கிடைக்கமாட்டார்கள். புதன்கிழமை தடுப்பூசி, செவிலியர் வர முடியாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஊருக்குப் போகிறவர்கள் பஸ் பிடிக்கப் பார்ப்பார்கள். வியாழன் பிற்பகல் 3 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தால் புறநோயாளிகள் கூட்டம் முடிந்திருக்கும், அங்கன்வாடியும் முடியும் நேரம், மருத்துவரும் அங்கேயே இருப்பார். எங்களுக்கு இது ஒத்துவருகிறது. நீங்கள் உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அரசு ஊழியரை வெறும் கைபேசி அழைப்பில் கூப்பிடக் கூடாது. தலைமை ஆசிரியர் பள்ளியை விட்டு வெளியே வர வேண்டுமானால், அவர் மேலதிகாரி கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வழியாகக் கலெக்டருக்கு ஒரு பக்க மனு கொடுத்து, மாதம் ஒரு முறை இன்னின்ன பதவியில் உள்ளவர்கள் கலந்துகொள்ள வேண்டும் என்று செயல்முறை ஆணை வாங்குங்கள். ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியும் போட்ட அந்த ஒற்றைத் தாள் வந்த பிறகு, வர விரும்பியும் வர முடியாமல் இருந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். ஆணையில் ஆள் பெயர் வேண்டாம், பதவிப் பெயர் மட்டும் இருக்கட்டும். மாறுதலில் அவர் போனாலும் நாற்காலி கூட்டத்துக்கு வரும்.

கூட்டத்தில் உரை வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கேள்வி: போன முறை ஒப்புக்கொண்டது நடந்ததா? பிள்ளை இப்போது தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, பள்ளிக்குப் போகிறதா, விளையாடுகிறதா? என்ன தடை? அடுத்த கூட்டத்துக்குள் யார் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் ஒரு நோட்டில் எழுதி அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வாக்கியத்தை எழுத விடாதீர்கள். 'வியாழக்கிழமைக்குள் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், கி.நி.அ.' என்று இருக்க வேண்டும்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரோ போட்டோவோ போகக் கூடாது. எண் மட்டும். கூட்ட நாள், மருத்துவர் வருகிற நாள், இவ்வளவுக்குத்தான் அந்தக் குழு. பொறுப்பாள் முழுக் கதையும் அறிந்திருக்கலாம். டீச்சருக்குத் தெரிய வேண்டியது வகுப்பில் எப்படி நடந்துகொள்வது என்பது மட்டும். அம்மாவின் நடத்தை, அப்பாவின் நோய், யார் யாரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் ஊர்க் கூட்டத்துக்கு வரக் கூடாது. மனநல மருத்துவரிடம் பேசுவது ரகசியம் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பாதுகாவலரிடம் அனுமதி கேளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதனிடமும் கேளுங்கள்: 'டீச்சர்கிட்ட இதச் சொல்லட்டுமா, வேண்டாமா?' வேண்டாம் என்றால், ஆபத்து இல்லாதவரை சொல்லாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ, காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சொல்லாமல் மறைப்பதே குற்றம். ஊர்ப் பெரியவர்கள், பள்ளியின் நல்ல பெயர், பெண்ணின் எதிர்காலம் என்று எது சொல்லித் தடுத்தாலும் கேட்காதீர்கள். பிள்ளையிடம் நீங்கள் விசாரணை நடத்தாதீர்கள். சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, 'நீ சொன்னது நல்லது' என்று சொல்லி, உடனே தகவல் கொடுங்கள். வாக்குமூலம் வாங்க வருகிறவர் பெண் அதிகாரியாக, சீருடை இல்லாமல், பிள்ளை இருக்கும் இடத்துக்கே வருவதுதான் முறை. கேட்டு வாங்குங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளையின் வீட்டில் இன்னொரு பயம் இருக்கும்: போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று. 'தெரியாமல் குடித்துவிட்டாள்' என்று ஆஸ்பத்திரியில் எழுத வைத்து, கூட்டிக்கொண்டு வந்து, அப்புறம் யாரிடமும் காட்டமாட்டார்கள். கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்று அதே 2017 சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அந்த நாட்களில் பொறுப்பாள் தினமும் போக வேண்டும். மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவை வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அனுப்பினோம் என்பது போதாது

'மனநல மருத்துவரிடம் பரிந்துரைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். போனார்களா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் போயிருக்கமாட்டார்கள். ஒரு நாள் கூலி போகும், எந்த அறை என்று தெரியாது, 'பைத்தியம்' என்று பேர் வந்துவிடும் என்ற பயம். ஆகவே முதல் தடவை பொறுப்பாள் கூடப் போக வேண்டும். அம்மாச்சிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. டீயும் பன்னும் யாராவது வாங்கித் தரலாம். பள்ளி எழுதிய இரண்டு வரியும் செவிலியரின் குறிப்பும் ஒரு உறையில் மருத்துவர் கையில் போகட்டும். பிள்ளை அங்கே திரும்பக் கதை சொல்ல வேண்டியதில்லை, மருத்துவருக்கும் நேரம் மிச்சம். வரும்போது மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: அடுத்த தேதி, மருந்து இருந்தால் யார் கொடுப்பது, பள்ளியில் என்ன மாற்றம் வேண்டும்.

பள்ளி முழுக்கக் கேள்வித்தாள் கொடுத்து யாருக்குப் பிரச்சினை என்று கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எஸ்.டி.க்யூ என்று, பிள்ளையின் பலத்தையும் சிரமத்தையும் கேட்கிற 25 கேள்விகள் உள்ள தாள் தமிழிலும் உண்டு. எனக்கு அதில் அவசரம் இல்லை. நாற்பது பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டு நாலு பேரைத்தான் மருத்துவரிடம் காட்ட முடியும் என்றால், மிச்சப் பிள்ளைகளுக்கு ஒரு முத்திரைதான் விழும். முதலில் வழியைத் திறந்து வையுங்கள்.

சாமியாடியும் தர்காவும்

கனவில் அலறும் பிள்ளையை முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ ஜெபக் கூட்டத்துக்கோதான் கொண்டுபோவார்கள். மந்திரிப்பார்கள், கயிறு கட்டுவார்கள். இதோடு சண்டை போட்டால் குடும்பம் உங்களிடமிருந்து ஒளிந்துகொள்ளும். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் ராமநாதபுரம். அங்கே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அதன் பிறகு அதே ஏர்வாடியில் 'தவா, துவா' என்று மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்க ஏற்பாடு வந்தது. தொழுகைக்கு வருகிறவர்களை அங்கிருப்பவர்களே மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். உங்கள் ஊர்ப் பூசாரியிடமும் போதகரிடமும் இப்படிப் பேசலாம். 'கயிறு கட்டுங்க சாமி, கூடவே வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போகச் சொல்லுங்க' என்றால் மறுக்கிறவர் குறைவு. அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது இருந்தால் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. உடனே 1098.

விபத்து நடந்த அன்று

முதல் மூன்று நாட்களில் யாரும் ஆலோசனை வகுப்பு நடத்த வேண்டாம். அப்போது தேவை காவல்தான். கேமராக்களைப் பிள்ளையிடம் அண்ட விடாமல் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். பிணவறைக்குப் பிள்ளையை அழைத்துப் போவதா என்பதை அழுதுகொண்டிருக்கும் கூட்டம் முடிவு செய்யக் கூடாது, பிள்ளைக்கு நெருங்கிய ஒருவர் நிதானமாக முடிவு செய்ய வேண்டும். வேளைக்குச் சோறு, பழகிய ஆள், பழகிய இடத்தில் தூக்கம். அண்ணன் தங்கைகளைப் பிரித்து ஆளுக்கு ஒரு வீட்டுக்கு அனுப்பாமல் பாருங்கள். எல்லாம் ஓய்ந்து ஊர் பழைய வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பிள்ளைக்குத் துக்கம் தொடங்கும். அலுவலகங்கள் கோப்பை மூடுவதும் அதே சமயத்தில்தான். அதனால் ஒரு நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள்: நாற்பதாம் நாள், பள்ளி திறக்கும் நாள், அம்மாவின் திதி, தீபாவளி. வெடிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்தி மேசைக்கடியில் போகிற பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். பட்டாசுதான் எங்கள் ஊருக்குச் சோறு, வெடிக்காதே என்று ஊரிடம் சொல்ல முடியாது. திருவிழாவுக்கு முன் கமிட்டியிடம் பேசி எந்த நேரத்தில் வெடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்வோம். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே, யாரோடு இருக்கும் என்று பொறுப்பாள் முன்கூட்டியே அதனிடம் சொல்லிவிடுவார். மே மாதம் தேர்வு முடிவு வரும் வாரத்துக்கும் இப்படியே ஒரு பட்டியல் போடுங்கள். தோற்றுப்போகலாம் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைகளின் வீட்டில் முடிவு வரும் காலையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

பொறுப்பாள் ஊர் மாறிப் போக நேர்ந்தால், புதியவரை இரண்டு மூன்று தடவை கூட அழைத்துப்போய்ப் பழக்கிவிட்டு, எந்த நாளிலிருந்து தான் வரமாட்டேன் என்பதைப் பிள்ளையிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் போன வீடு அது. நோட்டை ஒப்படைப்பது அதற்கு அப்புறம்தான்.